பதினாலு இஞ்சு ஸ்டாண்டு

— …அவ்ளோ குட்டையா எவனும் ஸ்பீக்கர் ஸ்டாண்டு கேட்டதில்லம்மா. பதினாலு இஞ்சுன்னா முக்காலி. தண்ணிக் கொடம் வைக்கலாம்.

— கொடம் இல்லண்ணா. வூட்ல பாட்டு கேக்கற சின்னப் பொட்டிதான். ரெண்டு பொட்டி, ரெண்டு ஸ்டாண்டு. வெல்டிங் செல்லமுத்துன்னா நீங்கதானே?

— நான்தான். பொட்டியில மேல சத்தம் வர்ற சின்ன வட்டம், கோணு, இருக்கும் பாரு, அது காதுக்கு நேரா நிக்கணும். பதினாலுல வச்சா உன் முட்டிக்குத்தான் பாடும்.

— அவரும் அதத்தான் சொன்னாரு, காதுக்கு நேரான்னு. டேப்பு புடிச்சு அளந்துட்டுதான் வர்றேன். தரையிலேர்ந்து காது இருபத்தஞ்சு. பொட்டியில கோணு பதினொண்ணுல இருக்குது. அது போவ, மிச்சம் பதினாலு.

— இருபத்தஞ்சா… தரையில உக்காந்தாலே முப்பது வரும். யாரு, கொழந்தையா?

— இல்லண்ணா. கட்டிலு. படுத்துக்கினுதான் கேப்பாரு.

— படுத்துக்கினு பாட்டு. ராஜா மாதிரி இருக்காரு உங்க வூட்டுக்காரரு. அப்ப இரும்பு எதுக்கு? செங்கல்ல அடுக்கு. செலவே இல்ல.

— செங்கல்லு ஆடும்னாரு. கடையில ரெடிமேடு வெல கேட்டோம், நமக்கு ஆவாது. பைப்பு நாங்களே தியாகதுருகத்துலேர்ந்து கொண்டாந்திருக்கோம். செல்லமுத்து கைதான் படணும்னு சொல்லி அனுப்பினாரு.

— தியாகதுருகத்துலேர்ந்து கள்ளக்குறிச்சிக்கு… அங்க பட்டறையே இல்லியா? சரி, ஆட்டோவுலேர்ந்து எறக்கு, பாப்போம்… நல்ல கனம்… நீலப் பெயிண்ட்டு…

— ஏண்ணா, சரிப்படாதா?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல. எத்தினி நாளா கெடக்குது இது?

— ஒரு வருசமா, சுவத்தோரமா.

— இங்க… வளைஞ்சிருக்குதே.

— வளைஞ்சத வெட்டிடுங்க. நேரா இருக்கறது பதினாலு இஞ்சுக்குத் தேறும்ல?

— தேறும்… தேறும். உள்ள மணல ரொப்பிடலாம். கனமா இருந்தா பொட்டி அதிராது. …கட்டிலு எப்பிடிப் போட்டிருக்குது?

— தலைமாடு சுவத்துல. ரெண்டு பக்கமும் எடம் வுட்டிருக்கோம். புரட்டிப் போடணும்ல.

— புரட்டியா…

— தானா திரும்ப முடியாதுண்ணா. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. பொட்டிய எங்க வைக்கணும்னு சொல்லுங்க.

— கால்மாட்டுல. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டுத்துலேர்ந்தும் தலைக்கு ஒரே தூரம் இருக்கணும். மொகத்தப் பாக்கற மாதிரி லேசா திருப்பி வை. மூலையில தள்ளிடாத, கும்முன்னு அடைக்கும். சுவத்துலேர்ந்து ஒரு அடி…

— வெல்டிங் பட்டறைக்காரரு இத்தினி தெரிஞ்சு வச்சிருக்கீங்க.

— ஒருத்தன் சொல்லிக் குடுத்தாம்மா. சவுண்ட் சர்வீஸ் வச்சிருந்தான். எட்டு வருசம் அவன் ஸ்டாண்டு எல்லாம் நான்தான் அடிச்சேன்.

— பேரு?

— …உனக்குத் தெரியாதா? நீ பகலவன் சம்சாரம்தானே. நிர்மலா. பேரு கேட்டிருக்கேன், மொகம்தான் பாத்ததில்ல.

— எப்ப கண்டுபுடிச்சீங்க?

— பைப்பு எறக்கினப்பவே. இந்த நீலம் நான் அடிச்ச பெயிண்ட்டு. கல்வராயன் மலைத் திருவிழால பொட்டி அடுக்கின கோபுரம் இது. அவன் மேல சாஞ்சது.

— காத்துல சாஞ்சதுன்னு சொன்னாங்க.

— நான்தான் சொன்னேன். எல்லார்கிட்டயும். காத்து இல்லம்மா… மூட்டுக்கு நாலு பொட்டு வெல்டுதான் வச்சிருந்தேன். சுத்திலும் முழுசா வெல்டு ஓட்டி முடிக்கல, கோபுரத்த ஏத்திக்கினு போக வண்டி வந்துடுச்சு. வுட்டுட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன்… உள்ள வரத் தைரியம் இல்ல.

— வண்டி தானா வரலண்ணா.

— இன்னா?

— பொட்டு வச்சது போதும், ஏத்துடான்னு கத்தினது அவரு. நீங்க ரெண்டு மணி நேரம் கேட்டீங்களாம், அவரு குடுக்கலியாம். அதச் சொல்லாம, எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கறீங்க. வருசம் பூரா வாசலையே பாத்துக்கினு கெடக்காரு… ஸ்டாண்டு இல்லன்னாலும் பரவால்லண்ணா. பத்து நாளைக்கு முன்னாலயே செங்கல்லு அடுக்கி வச்சிட்டோம், ஆடல, பாட்டு நல்லாத்தான் கேக்குது. பக்கத்துல உக்காந்து கேக்க நீங்கதான் இல்லியாம்.