திருப்பித் தரும் சுவர்

சன்னலுக்கு வெளியே வாய்திறவாமல் நிற்கும் எங்கள் செங்கல் சுவரே, முதல் வணக்கம் உனக்கு!

கையில் மணியும் கண்ணில் கண்டிப்புமாக அமர்ந்திருக்கும் ஒலிவோ கால்பந்துக் கழகத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய தோன் எவாரிஸ்தோ அவர்களே! தோற்ற நாளிலும் தொண்டை வற்றாத பெரியோர்களே! ஞாயிறுதோறும் கரியடுப்பில் சொரிசோ இறைச்சி சுட்டு, புகையையே மாலையாகச் சூடிய தாய்மார்களே! என்னை நீக்கக் கை தூக்கப் போகிறவர்களே, தூக்காமல் இருக்கப் போகிறவர்களே, எதையும் முடிவு செய்யாமல் மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டிருக்கும் என் தனி அன்புக்குரியவர்களே! முதல் வரிசையில் கையைக் கட்டி, காலை நீட்டி அமர்ந்திருக்கும் நம் பயிற்சியாளர் பல்தசார் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய கூட்டத்துக்குத் தீர்மானம் ஒன்றே ஒன்று. ஐலென் கர்தோசோ என்ற பதினாறு வயதுக்காரியைக் கழகத்திலிருந்து நீக்குவதா, வேண்டாமா? அந்த ஐலென் நான்தான். மேடைக்குப் பையோடு வந்ததைப் பார்த்து, “பைக்குள்ள என்னம்மா?” என்று தலைவர் கேட்டார். “சாட்சி, தோன் எவாரிஸ்தோ” என்றேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே சாட்சிதான். நேரம் வரும்போது வெளியே வரும்.

நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். சென்ற ஞாயிறு, நம் மைதானம். சான் லிபோரியோ அணியை வென்றால் இந்தப் பிரிவில் தங்குவோம். வெல்லாவிட்டால் கடைசி ஆட்டம்வரை கழுத்துக்குக் கத்தி. ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடியும் தறுவாய். பந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளான எங்களிடம் பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தார்: “வெளிய போற பந்து காணாமப் போகணும். கேட்டா முழிக்கணும். புரியுதா?”

புரியாமல் என்ன? முழிப்பதில் நான் முனைவர் பட்டம் பெற்றவள். முந்திய ஆட்டத்தில் ஒரு பந்தைக் கசாப்புக்கடை மாமாவின் சட்டைக்குள் மறைத்தேன். அது பந்தா தொந்தியா என்று நடுவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் அன்று பந்து கோட்டைத் தாண்டி, நம் சுவரில் பட்டு, என் காலுக்கு வந்தது. சான் லிபோரியோவின் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் ஓடி வந்தான். என் கால் பந்தை அவனுக்குத் தட்டியது. அவன் கால் எனக்குத் தட்டியது. அவன் ஓடும் வழியிலேயே நான் மறுபடி தட்டினேன். அவன் அள்ளினான், எறிந்தான். நம் ஆட்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் வலை குலுங்கியது. சமன்.

அரங்கமே அடங்கிப்போன அந்த நேரத்தில் பயிற்சியாளர் என்னிடம் ஓடி வந்தார்.

“ஏண்டி குடுத்த?”

“கால் தானா போச்சு, கோச்.”

“கால் தானா போகுமா? யாருகிட்ட கத விடுற? எல்லாம் உனக்கு வெளையாட்டு!”

மறுநாள் அவர் நிர்வாகத்திடம் சொன்னார்: “அந்தப் பொண்ணு கழகத்துல இருந்தா, கடைசி ஆட்டத்துக்கு நான் வரமாட்டேன்.” இதுதான் வழக்கு. இந்த ஞாயிறு வெளியூர் மைதானத்தில் வென்றே ஆக வேண்டும். அவர் இல்லாமல் போனால் அணி விழும். அவர் இருக்க வேண்டுமானால் நான் விழ வேண்டும்.

அவையோரே! பயிற்சியாளர் வருவதற்கு முந்திய ஆண்டு நாம் எப்படி இருந்தோம்? அழகாக ஆடினோம், அழகாகத் தோற்றோம். எதிரணிக்காரர்களே கைதட்டிவிட்டுப் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். என் அம்மா ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவள். தோற்ற ஞாயிற்றுக்கு மறுநாள் கடைக்கு வருகிறவர்கள் ரொட்டியைக் கைகாட்டி வாங்குவார்களாம். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று. அந்த ஊமைத் திங்கட்கிழமைகளை நிறுத்தியவர் பல்தசார். பெனால்டிக் கட்டத்துக்குள் ஐந்து பேரை நிறுத்தினார். “சுவர் இருந்தாத்தான் சித்திரம். மொதல்ல சுவரக் கட்டுவோம்” என்றார். கட்டினார். நானும் அந்த ஒன்று-சுழிய வெற்றிகளுக்குக் குதித்தேன். முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து அழுதேன். நன்றி மறந்தவள் அல்ல நான்.

என்ன அங்கே பின்வரிசையில்? “அழகு அடுப்பெரிக்குமா?” என்றா கேட்கிறீர்கள்? எரிக்காது, ஐயா. ஆனால் அடுப்பு மட்டும் எரிந்தால் போதுமா? மேலே ஏதாவது வேக வேண்டாமா?

கோல் வேண்டும். யார் வேண்டாம் என்றார்கள்? விழாமல் நிற்க அது ஊன்றுகோல்; ஒப்புக்கொள்கிறேன். நம்மை ஆள அது செங்கோலாக வரட்டும், கும்பிடுகிறேன். ஆனால் பந்து எடுக்கும் பிள்ளையைப் பொய்யாக முழிக்கச் சொல்லும்போது அது என்ன கோல்? கொடுங்கோல் அல்லவா?

நம்மை ஏன் ஊரெல்லாம் சுவர்க்காரர்கள் என்கிறது? ரயில் பட்டறையின் சுவர் மைதானத்தை ஒட்டி நின்றது. அந்தக் காலத்தில் கோடு போடவும் இடமில்லை. ஆள் குறைந்த நாளில் நம்மவர்கள் சுவரையே ஓர் ஆட்டக்காரனாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குத் தட்டினார்கள், அது திருப்பித் தந்தது, ஓடிப்போய் வாங்கினார்கள். நம் பேச்சில் செங்கல் சுவரும் ‘பரேத்’. ஒருவன் கொடுத்து மற்றவன் திருப்பித் தரும் ஆட்டமும் ‘பரேத்’. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் சோம்பேறிகளா? இல்லை! உன்னிடம் வந்தது உன்னுடையது அல்ல, கொடுத்தவன் ஓடிக்கொண்டிருக்கிறான், அவனுக்குத் திருப்பிக் கொடு என்று ஒரு சொல்லுக்குள் ஒரு சட்டத்தையே எழுதிவைத்தவர்கள் அவர்கள்! பந்து என்றால் உருண்டை மட்டுமா? பந்து என்றால் உறவும்தானே? அந்த உறவு நடந்த இடம் சுவர் அல்ல, பெரியோர்களே, அதுதான் நம் சுவர்க்கம்!

பயிற்சியாளர் கட்டிய சுவரில் எனக்கு ஒரே ஒரு குறைதான். அது பந்தை விழுங்குகிறது. நம் சுவர் என்றைக்காவது பந்தை விழுங்கியதா?

நான் குறும்புக்காரிதான். நடுவரின் விசிலுக்குள் பால்பாகை அடைத்தது யார்? நான். எதிரணிப் பேருந்தின் கண்ணாடியில் நம் சின்னத்தை ஒட்டி, ஊர்வரைக்கும் அப்படியே அனுப்பிவைத்தது யார்? அதுவும் நான். தலைவரின் மணிக்குள் இருந்த நாக்கைக் கழற்றி... அதைப் பற்றிப் பிறகு பேசலாம், தோன் எவாரிஸ்தோ. இத்தனைக்கும் நீங்கள் கூட்டம் கூட்டவில்லை. காதைத் திருகிவிட்டுச் சிரித்தீர்கள். நடக்கப் பழகிய நாளிலிருந்து நீங்கள் கற்றுக்கொடுத்ததை ஒரே ஒருமுறை என் கால் ஒழுங்காகச் செய்தது. அதற்குத்தான் இந்த மேடையில் என்னைக் குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறீர்கள்!

இதோ என் உறுப்பினர் அட்டை. நான் பிறந்த வாரத்தில் அப்பா எடுத்தது. படத்தில் கண்கூடத் திறக்கவில்லை. மேசைமேல் வைக்கிறேன். அட்டையைப் பிடுங்குங்கள், நான் அட்டையாக வந்து வேலியில் ஒட்டிக்கொள்வேன். ஆனால் வேலிக்கு வெளியிலிருந்து பார்க்கிற ஞாயிறு எப்படி இருக்கும் என்று நினைத்தால்... தண்ணீர் கொடுங்கள், கொஞ்சம்.

நன்றி. நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. கால் தானாகப் போகுமா என்கிறீர்கள். அதனால் சாட்சியை அழைக்கிறேன்.

ஆமாம், பையிலிருந்து வந்தது பந்துதான். அதோ அந்தப் பழைய படத்தில் சுவரருகே அரைக்கால்சட்டையோடு நிற்கும் சிறுவன் யார்? நம் பல்தசார்தான். நம்மைப் போலவே அந்தச் சுவரிடம் பாடம் படித்தவர். அவர் நீட்டிய காலை இன்னும் மடக்கவில்லை. கீழே இறங்குகிறேன்... அந்தக் காலுக்குத் தட்டுகிறேன்...

பார்த்தீர்களா? அவையோரே, பார்த்தீர்களா! என் காலுக்கே, நான் நகர்ந்த பக்கத்துக்கே, அளந்து வைத்ததுபோல் திருப்பிக் கொடுத்துவிட்டார்! கட்டிய கையை அவிழ்க்கக்கூட இல்லை!

ஏன் கொடுத்தீர்கள், கோச்? உரக்கச் சொல்லுங்கள், பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

“கால்... தானா போச்சு.”

சிரிக்காதீர்கள், தயவுசெய்து. அவர் முகத்தைப் பாருங்கள். இது சிரிக்கிற இடம் அல்ல.

கோச், நீங்கள் இருக்க வேண்டும். ஞாயிறன்று எங்களுக்கு நீங்கள் கட்டும் சுவர் வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான்: பட்டால் திரும்பி வருகிற சுவராக அதைக் கட்டுங்கள். அப்படி ஆடி வென்றால் ஊரே கூடிக் கொண்டாடுவோம். அப்படி ஆடி விழுந்தாலும், விழுந்தது நாமாகவே இருக்கும். வேறு யாரோ அல்ல.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், அழுததைக் காட்டாமல் அடுப்புப் புகைமேல் பழிபோடும் தாய்மார்களுக்கும், பொய் சொல்லத் தெரியாத ஒரு காலுக்கும் என் நன்றி. தோன் எவாரிஸ்தோ, மணியை அடியுங்கள். நாக்கை மறுபடி மாட்டிவிட்டேன். கைகள் உயரட்டும். பந்தை உங்கள் எல்லார் காலுக்கும் தட்டிவிட்டேன். நான் ஓடத் தொடங்கிவிட்டேன்.

வணக்கம்.