வெள்ளவத்தை அறை

மெற்றில்டா: ...அப்ப பையை நீங்கள் தூக்குங்கோ, பிள்ளை டிலக்சனாவை நான் தூக்கிறன். பின்னேர பஸ்ஸிலை மூண்டு பேருமாப் போவம்.

டொமினிக்: எங்கை?

மெற்றில்டா: கொழும்புக்குத்தான். வெள்ளவத்தையிலை அறை எடுத்திருக்கிறனெண்டு வங்காலை ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறியள். கட்டின மனுசி அதைப் பார்க்கக் கூடாதோ?

டொமினிக்: அறை இருக்குத்தான்... ஆனா ஆள் கூடினா வாடகை கூடும். வீட்டுக்கார அன்ரி நாங்கள் விடுற மூச்சையும் எண்ணுவா.

மெற்றில்டா: மெதுவா விடுறம்.

டொமினிக்: பகிடி விடாதையப்பா. குளிக்கிற தண்ணிக்குக் காசு. ஃபான் சுத்தினாக் காசு. மீன் பொரிச்சா மணக்குதெண்டு சண்டை.

மெற்றில்டா: கடற்கரையிலை பிறந்த ஆள் மீன் பொரிக்காமல் இருக்கிறியள். பெரிய தவம்தான்.

டொமினிக்: வாங்கினாத்தானே பொரிக்க. அங்கை ஒரு பாரை மீன் விக்கிற விலைக்கு இஞ்சை வள்ளமே வாங்கலாம்.

மெற்றில்டா: அறைக்கு எத்தினை யன்னல்?

டொமினிக்: ...ரெண்டு.

மெற்றில்டா: போன முறை ஒண்டெண்டு சொன்னியள்.

டொமினிக்: மற்றது... அன்ரி பிறகு திறந்து விட்டவ.

மெற்றில்டா: அதுக்கும் வாடகை கூட்டியிருப்பாவே?

டொமினிக்: காத்து வருதெல்லே. சும்மா விடுவாவோ?

மெற்றில்டா: கட்டில்?

டொமினிக்: இருக்கு.

மெற்றில்டா: மெத்தை?

டொமினிக்: நீ என்ன பொலிஸோ? வீடு கட்ட அரசாங்கத்தின்ரை வீட்டுத்திட்டத்திலை தந்த காசு சுவரோடை முடிஞ்சுது. கூரை போடத்தானே நான் அங்கை போய்க் கிடக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் வந்தா உழைக்கிறதெல்லாம் அன்ரிக்குத்தான்.

மெற்றில்டா: அதுதான் எனக்கு விளங்கேல்லை. தண்ணிக்குக் காசு, காத்துக்குக் காசு. அதுக்குப் பிறகும் மாசம் தவறாமல் இஞ்சை காசு வருகுது. அன்ரி உங்களுக்குச் சம்பளமும் தாறாவோ?

டொமினிக்: ஓவர்ரைம் செய்யிறன்.

மெற்றில்டா: நித்திரையிலையோ?

டொமினிக்: மெற்றில்டா... உனக்கு என்னிலை சந்தேகமோ? வேறை ஆரும் இருக்கினமெண்டு...

மெற்றில்டா: கண்ணாடியிலை உங்களைப் பார்த்தனீங்களோ? நெஞ்செலும்பு தெரியுது. எந்தப் பொம்பிளை வரப்போறாள்.

டொமினிக்: ...பிள்ளை நித்திரையோ?

மெற்றில்டா: ஓம்.

டொமினிக்: அறை இல்லை. அன்ரியும் இல்லை. புறக்கோட்டையிலை, வேலை செய்யிற கடை வாசலிலைதான் படுக்கிறனான். அறை எடுத்தா உங்களுக்கு அனுப்ப ஒண்டும் மிஞ்சாது. ஊருக்குச் சொல்ல வெக்கம். உனக்குச் சொல்லப் பயம்... இவ்வளவு நேரமும் நக்கலடிச்சாய். இப்ப சிரியன்.

மெற்றில்டா: ஆனி மாசம் பங்குச் சனத்தோடை கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனனான். உங்களுக்குச் சொல்லேல்லை. திடீரெண்டு வந்து நிண்டாச் சந்தோசப்படுவியளெண்டு நினைச்சன். விடியக்காலமை பஸ்ஸாலை இறங்கி, கடையை விசாரிச்சு வந்தன். பூட்டின கதவுக்கு முன்னாலை காட்போட் மட்டையிலை சுருண்டு கிடந்தியள். எழுப்பினா வெக்கப்படுவியளெண்டு கோயிலுக்குத் திரும்பிப் போய் அழுதன். எனக்குக் கொழும்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீங்களா வாய் திறக்கட்டுமெண்டுதான் இவ்வளவும் கேட்டனான். என்ரை அண்ணையின்ரை மீன்பிடி வள்ளத்துக்கு ஆள் போதாதாம். நாளையிலையிருந்து நீங்கள் வருவியளெண்டு சொல்லிப்போட்டன். கூரை ஆறுதலா வரட்டும். நீங்கள் இனி எங்களோடை படுங்கோ.