இறைச்சிக்குப் பொருந்தாத வைன்

1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இருபதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மன்னாரில் ரயில்பாதை எஞ்சினியர் துரையின் பங்களாவில் மாட்டிறைச்சி ரோஸ்டுடன் இனிப்பு வெள்ளை வைன் பரிமாறப்பட்டது.

பரிமாறியவன் நான். பெயர் வின்சன்ட். அந்தப் பங்களாவின் பட்லர். நீதவான் ஐயா, என் தங்கை றோசம்மாவின் மரணத்தை நீங்கள் விசாரிக்கிறீர்கள். உங்கள் பதிவில் ஒரு சொல் பிழையாக இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

ஐயாவுக்கு வைன் பழக்கம் இருக்கிறதோ தெரியாது. மாட்டிறைச்சிக்குச் சிவப்பு வைன்தான் பொருந்தும். அதிலுள்ள துவர்ப்பு கொழுப்பை அறுத்து வாயைச் சுத்தம் செய்யும். அடுத்த துண்டு முதல் துண்டைப் போலவே ருசிக்கும். ஆனால் எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. எங்கள் மன்னார் மாடு வெயிலில் முள்ளும் சருகும் தின்று வளர்வது. அதில் கொழுப்பு குறைவு. கனத்த வைனை வைத்தால் இறைச்சியின் ருசி அதில் அமுங்கிவிடும். இலேசான கிளாரட்தான் சரி. வெள்ளை வைனில், மஞ்சள் நிறத்தில் சோட்டேர்ன் என்று ஒரு இனிப்பு வைன் உண்டு. அது பழத்துக்கும் புடிங்குக்கும் உரியது. இறைச்சிக்கு அதை வைப்பது, சோற்றுக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றுவது போல.

இதையெல்லாம் கொழும்பில் ஒரு ஹோட்டலில் கற்றேன். அப்பு பாரிசவாதத்தில் விழுந்தார் என்று ஆள் வந்தபோது, ஒரு மாத லீவில் எங்கள் ஊர் தாழ்வுபாட்டுக்கு வந்தேன். அப்பு உடனே சாகவில்லை. அவர் செத்தபோது ஹோட்டலில் என் இடத்தில் வேறொருவன் நின்றான். எனக்கு வலை இழுக்கத் தெரியாது. கருவாட்டு வாடை பிடிக்காது. எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடுகிற ஊரில், எந்தக் கிளாஸில் எதை ஊற்றுவது என்பதை மட்டும் அறிந்த ஒருவன் என்ன செய்வான்? ரயில்பாதை போடத் துரை வந்தார். மன்னார்த் தீவில் கிளாரட்டுக்கும் பேர்கண்டி என்கிற இன்னொரு சிவப்புக்கும் வித்தியாசம் கேட்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். நான் மூச்சுவிட்டது அவருடைய சாப்பாட்டு அறையில் மட்டும்.

குசினிக்காரன் டொமினிக்கை அங்கே சேர்த்துவிட்டவனும் நான்தான். அவன் றோசம்மாவின் புருசன். நல்ல கைராசி. பப்பாசிப் பாலில் ஊறவைத்து எந்தக் கிழட்டு மாட்டையும் பஞ்சாக்கிவிடுவான். என் வேலையைப் பார்த்து எப்போதும் சிரிப்பான். "மச்சான், எந்த வைன் பொருந்துமெண்டு மாட்டைக் கேட்டனீங்களோ? பாவம், சாகமுந்திக் கேட்டிருக்கலாம்" என்பான். அவனிடம் கெட்ட மனம் இல்லை. அவனுக்கு இருந்தது குடி. கள்ளுக்கொட்டிலிலிருந்து அவனை எத்தனையோ தடவை தூக்கி வந்திருக்கிறேன். இரண்டு முறை குடியை விடுவதாகச் சத்தியம் செய்தான். இரண்டையும் மீறினான்.

றோசம்மாவைக் குளிரும் நடுக்கமுமாகக் குலைப்பன் காய்ச்சல் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. ஆடித் திருவிழாவுக்கு டொமினிக் மடுவுக்கு நடந்துபோய், அவள் சுகப்பட்டால் இனிக் குடியைத் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துவிட்டு வந்தான். மூன்றாவது சத்தியம்.

ஆகஸ்டில் துரைக்குக் கண்டிக்கு மாற்றம் வந்தது. ஒரு ஆளைத்தான் கூட்டிப்போகலாம். நான் என் பெட்டியைத் துடைத்து வைத்தேன். துரை என்னைக் கூப்பிட்டு, பட்லர்மார் கண்டியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், டொமினிக்கைப் போலச் சமைக்கிறவன்தான் கிடைக்கமாட்டான் என்றார். மலைக் காற்று அவன் மனைவிக்கும் நல்லது என்றார். நான் "நல்லது துரை" என்றேன். அது நியாயமான முடிவு. இன்றைக்கும் அதில் குறை சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை உப்புக்குளத்தில் ஹுசைன் நானாவிடம் இறைச்சி வாங்கப் போனேன்.

"பட்லர் ஐயா, துரை போறாராமே. கூடப் போறது மச்சானாமே?" என்றார் ஹுசைன், கத்தியைத் தீட்டியபடி.

"ஓம்."

"அப்ப நீங்கள் இஞ்ச இருந்து ஆருக்குப் போத்தில் திறக்கப்போறியள்? திருக்கை மீனுக்கோ?"

கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதுகுப் பக்கத்தில் நல்ல துண்டாகத் தந்தார். திரும்பி வரும் வழியில்தான் எனக்கு யோசனை வந்தது. சினத்தில் வந்தது என்று எழுதவேண்டாம். கணக்குப் பார்த்து வந்தது.

டொமினிக்கைக் கொல்ல நான் நினைக்கவில்லை, ஐயா. இதைக் கவனமாகக் கேளுங்கள். அவன் சத்தியத்தைக் காத்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. மீறினால் ஆகும். முடிவை அவன் கையிலும் மாதாவின் கையிலும் விட்டேன். நான் செய்தது போத்தலை மேசையில் வைத்தது மட்டும்.

போத்தல் நிறையக் குசினிக்குத் திரும்பவேண்டும் என்றால் துரை அதைக் குடிக்கக் கூடாது. கிளாரட்டை வைத்தால் விருந்தினர் இரண்டு பேரும் அவரும் சேர்ந்து அடிவரை குடித்துவிடுவார்கள். மேலும் கள்ளுக் குடித்துப் பழகியவனுக்குக் கிளாரட் காடி போல இருக்கும். ஒரு வாயுடன் துப்பிவிடுவான். சோட்டேர்ன் அப்படியல்ல. பனையிலிருந்து அப்போதுதான் இறக்கிய கருப்பணி போல இருக்கும். இறைச்சிக்குப் பொருந்தாத அந்த வைன் என் தேவைக்குப் பொருந்தியது. ஞாயிறு காலையிலேயே கிளாரட்டைத் திறந்து, வண்டல் கலங்காமல் கண்ணாடிக் குடுவையில் வடித்து, அலுமாரியில் வைத்துவிட்டேன். அதன் பிறகு சோட்டேர்னை மேசைக்குக் கொண்டுபோனேன்.

வைனை முதலில் ருசி பார்ப்பவர் வீட்டுக்காரர். துரை ஒரு வாய் குடித்தார். இறைச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வின்சன்ட், இது இறைச்சிக்கா?"

"மன்னிக்கவேண்டும் துரை. மாறி எடுத்துவிட்டேன்."

விருந்தினர்கள் சிரித்தார்கள். நான் போத்தலை எடுத்துக்கொண்டு போய், அடுத்த நிமிடமே கிளாரட்டுடன் வந்தேன். பழைய கிளாரட்டை ஒரு நிமிடத்தில் திறந்து வண்டல் நீக்கி வடிக்க யாராலும் முடியாது. அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

சாப்பாட்டு அறைக்கும் குசினிக்கும் நடுவில் சாமான் அறை. எலிக்கு வைக்கிற மருந்து அங்கேதான் இருந்தது. விருந்து முடிந்ததும் போத்தலைக் குசினி மேசையில் வைத்தேன்.

"என்ன மச்சான், துரை குடிக்கேல்லையோ?" என்றான் டொமினிக்.

"இறைச்சிக்குச் சரிவராது. நான் மாறி எடுத்திட்டன்."

"நீங்களும் மாறி எடுப்பியளோ? இண்டைக்கு மழை வரப்போகுது." அவன் போத்தலை எடுத்து மணந்து பார்த்தான். "இனிப்போ?"

"கருப்பணி மாதிரி."

"மாதாவுக்குச் சொல்லிப்போட்டன், மச்சான். என்னைக் கெடுக்காதேங்கோ."

"நான் குடியெண்டு சொல்லேல்லை. வேண்டாட்டி வெளியில ஊத்திப்போடு."

இந்தச் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஊற்றிவிடும்படி நான் சொன்னேன்.

கரண்டிகளைத் துடைத்துவிட்டு வந்தபோது டொமினிக்கும் இல்லை, போத்தலும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மறைவாகக் குடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். மூன்றாவது சத்தியமும் போயிற்று என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. றோசம்மா தனியாகிவிடுவாள், கண்டியிலிருந்து மாதா மாதம் அவளுக்குக் காசு அனுப்பவேண்டும் என்று தீர்மானித்தேன். அவளை நான் கைவிட்டிருக்கமாட்டேன்.

திங்கட்கிழமை காலையில் டொமினிக் தாழ்வுபாட்டிலிருந்து ஓடி வந்தான். நல்ல சுகத்துடன் ஓடி வந்தான். அவனைக் கண்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மச்சான், றோசம்மா விடிய விடியச் சத்தி எடுக்கிறாள். கெதியா வாங்கோ."

அவளிடம் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் கிடந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் குடுத்துவிட்ட வைன் நல்ல இனிப்பு" என்றாள். "அது உடம்பில ரத்தம் ஊறவைக்குமாம். இவர் ஒரு சொட்டும் தொடேல்லை. தொட்டால் நேர்த்தி போயிடுமாம். உங்களுக்கும் கொஞ்சம் வைச்சிருக்கிறன்."

போத்தல் தலைமாட்டில் இருந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சம் இருந்தது.

வைத்தியம் பார்க்க அப்போதிக்கரி ஐயா வந்தார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். டொமினிக் அழுதுகொண்டிருந்ததால் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருக்கலாம். காலை வேளைதான், அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. ஆனால் சொன்னால் நான் கண்டிக்குப் போகமுடியாது. வாசலுக்கு வெளியே கடல் தெரிந்தது. "நேற்று மாட்டிறைச்சி சாப்பிட்டவள்" என்று சொன்னேன். அது பொய்யல்ல. பங்களாவில் மிஞ்சிய இறைச்சியை டொமினிக் அவளுக்குக் கொண்டுபோயிருந்தான். அப்போதிக்கரி பழுதான இறைச்சிக்கு மருந்து கொடுத்தார். பொழுது சாய றோசம்மா செத்தாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை ஹுசைனின் கடையைப் பூட்டினார்கள். பிறகு பொலிசார் போத்தலைக் கண்டெடுத்தார்கள். ஹுசைனின் கடை திறந்தது. டொமினிக்கை மறியல் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவன் அங்கே ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறானாம்: "நான் நேர்த்தியைக் காத்தனான்தானே?" இதைப் பொலிஸ்காரர் ஒருவர் சொன்னார்.

அதன் பிறகு நான் காத்திருந்தேன். குசினிக்காரன் இல்லை, துரை கூட்டிப்போக மிஞ்சியிருந்தது நான்தான். பெட்டியை இரண்டாம் முறை துடைத்தேன். இருபத்தாறாம் திகதி துரை என்னைக் கூப்பிட்டார். ஒருவரும் வேண்டாம், தனியாகப் போகிறேன் என்றார். அவர் கோபமாக இல்லை, அன்பாகத்தான் சொன்னார். கண்டியில் பெரிய மனிதர்கள் மேசைக்கு வருவார்கள், மாட்டிறைச்சிக்குச் சோட்டேர்னை எடுக்கிற பட்லரை அங்கே நிறுத்தமுடியாது, கொழும்பில் கற்றது இந்தத் தீவில் உனக்கு மறந்துவிட்டது, அது உன் குற்றமல்ல என்றார்.

உங்கள் விசாரணையிலும் அவர் அதையே சொல்லியிருக்கிறார். உங்கள் கந்தோரில் அதை எழுதிய கிளார்க் எனக்கு வாசித்துக் காட்டினார்: 'பட்லர் தன் அறியாமையினால் பொருந்தாத வைனைப் பரிமாறினான்.' பிழை என்று நான் சொன்னது அந்தச் சொல்லைத்தான், ஐயா. என்னிடம் அறியாமை இல்லை. வடித்து வைத்த கிளாரட்டை விருந்துக்கு முன்பே பங்களாக் கூலியாட்கள் அலுமாரியில் பார்த்திருக்கிறார்கள், கேளுங்கள், சொல்வார்கள்.

இதனால் டொமினிக் வெளியே வருவான் என்பது தெரியும். அதற்காக நான் வரவில்லை. வந்தால் வரட்டும். சொன்னபடி அவன் போத்தலை ஊற்றியிருந்தால், அல்லது என்றும்போலத் தானே குடித்திருந்தால், என் தங்கை இன்றைக்கு உயிரோடு இருப்பாள். அவளை யார் கொன்றது என்று நீங்கள் முடிவு செய்யும்போது இதையும் யோசிக்கவேண்டும்.

நான் சொல்லி முடித்ததும், எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். சரியாக இருந்தது. 'அறியாமையினால்' என்பதை வெட்டி, 'அறிந்து' என்று எழுதியிருந்தார்கள். கையொப்பம் வைத்தேன்.

துரை நேற்றுக் காலை கண்டிக்குப் புறப்பட்டுப் போனார். மிச்சமிருந்த கிளாரட் பெட்டியையும் கொண்டுபோய்விட்டார்.