அம்பு தாங்கிய மூட்டை

அம்பைத் தாங்குவதற்குப் பஞ்சு உதவாது சார். பழைய துணிதான் வேண்டும், அதையும் கல் மாதிரி இறுக்கி அடைக்க வேண்டும். நான் மெத்தை தைக்கிறவள். எதை எவ்வளவு அடைத்தால் என்ன தாங்கும் என்று கையால் அமுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். என் தம்பி குறிபார்த்துப் பழகிய அந்த மூட்டையைத் தைத்ததும் அடைத்ததும் நான்தான்.

வில்லை அவனே செய்தான். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை என் சமையலறை அடுப்பில் வாட்டி வளைத்தான். வீடெல்லாம் ஒரே நாற்றம். "சாப்பாட்டுலயும் குழாய் வாசனைதான்டா வருது" என்று திட்டினேன். "வாசனைக்குத் தனியா காசு கேக்கலையே அக்கா" என்றான். பிறகு மூங்கில் குச்சிகளைச் சீவி, முனையில் ஆணியை ராவிப் பொருத்தினான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். எனக்கு வந்த வரன்களையெல்லாம் அவனுக்காகவே தட்டிக் கழித்தேன். அதை அவனிடம் அவ்வளவாகச் சொல்லிக்காட்டியதில்லை.

எங்கள் கொல்லை குறுகல், நீளவாக்கில்தான் எய்ய முடியும். மூட்டைக்குப் பின்னால் மதில் இடிந்துபோய் வெறும் பச்சை வலை கட்டியிருந்தோம். வலைக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு நர்ஸ் துணி உலர்த்தும் கொடி. அதனால் தம்பி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தான். நான் ஓரமாக நின்று எட்டிப் பார்த்து "விடு" என்று சொன்னால்தான் நாணிலிருந்து விரலை எடுப்பான். நான் அடுப்படியில் வேலையாக இருந்தால் வரும்வரை காத்திருப்பான். அவன் அப்படிக் காத்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

நர்ஸ் நல்ல பெண். தானும் அவளும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகத் தம்பி சொன்னபோது ஓடிப்போய் இனிப்பு வாங்கி வந்தது நான்தான். அப்புறம் ஒருநாள் அவளே வந்தாள்.

"எனக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருக்குக்கா. கல்யாணமானதும் ரெண்டு பேரும் அங்கயே போயிடலாம்னு இருக்கோம். நீங்களும் இனிமேலாவது கொஞ்சம் ஓய்வா இருங்க."

வேலையை விட்டு நிறுத்தும்போதுதான் அப்படிச் சொல்வார்கள். அவன் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது.

அம்பு பட்டுப் பட்டு மூட்டையின் நடுப்பகுதி குழிந்துபோகும். அவ்வப்போது பிரித்து அடைப்பது என் வழக்கம். அந்த முறை துணியை உருவிவிட்டுப் பஞ்சை வைத்தேன். மேலே புதுச் சாக்கு போட்டு, மெத்தைக்குப் போடுவதுபோல் நெருக்கமாகத் தையல் போட்டேன். முன்னைவிடப் பார்வையாக இருந்தது. தம்பி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "அக்கா கைன்னா கைதான்" என்றான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மத்தியானம் நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாக்கா?" என்று கேட்டான்.

எட்டிப் பார்த்தேன். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, மூட்டைக்கு நேர் பின்னால் அவள் ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். மூட்டை மறைத்ததால் அவனுக்குத் தெரிய வழியில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"விடு" என்றேன்.

மூட்டையில் அம்பு தைத்தால் தொப்பென்று ஒரு சத்தம் வரும். அன்று வரவில்லை. அது வந்துவிடாதா என்று இன்னமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பதிலாக ஈரத் துணி உதறுகிற சத்தம்தான் கேட்கிறது. இந்த அறையிலும் யாரோ உதறுகிறார்கள். யாரும் இல்லை என்கிறீர்கள். சரி, இருக்கட்டும்.

"கேக்காமலே விட்டுட்டேன், அக்கா உள்ள இருந்தா" என்று தம்பி உங்களிடம் சொல்லியிருக்கிறான். அது பொய். அவன் கேட்டான், நான் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவளைக் கொன்றது நான். அவனை அனுப்பிவிடுங்கள்.

அன்றிலிருந்து அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் கொடுத்தனுப்புகிற சாப்பாடு பிரிக்காமல் அப்படியே திரும்பி வருகிறது. அதிர்ச்சிதான், வேறென்ன. போகப் போகச் சரியாகிவிடும். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள் சார்? அவன் மனசு நோகும்படி நான் இதுவரை எதுவுமே செய்ததில்லை.