மருந்துக்கடை அக்காவின் சதுரங்கள்

கம்பளிப் பின்னலைக் கொதிக்கிற வெந்நீரில் போடவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் துவாலையில் சுருட்டி அமுக்கி, தக்கைப் பலகையில் நான்கு பக்கமும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால், எப்பேர்ப்பட்ட கோணல்மாணல் சதுரமும் சொன்ன பேச்சுக் கேட்கும். இந்த வேலையை யாரிடம் விட்டாலும் சொதப்பிவிடுவார்கள். அதனால் என் வகுப்பில் எல்லோருடைய சதுரங்களையும் நானே வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். என்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நூலகத்தின் மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். பெயருக்குத்தான் வகுப்பு, பாதி நேரம் அரட்டை. பஸ் டிரைவர் ஒருவர் வருவார். ஊசியை ஸ்டீயரிங் மாதிரி இறுக்கிப் பிடிப்பார். அவர் போடும் சதுரம் கைக்குட்டை அளவில் வந்து நிற்கும், அதை இழுத்து நீட்டுவதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிடும். தையல்காரர் ஒருவர். வாழ்நாளெல்லாம் மெஷினோடு ஓடியவருக்கு மெதுவாக நடக்கிற வேலை ஒன்று வேண்டுமாம். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். அப்புறம் மருந்துக்கடை அக்கா.

அந்த ஆண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய போர்வை செய்வதாக முடிவு செய்தோம். ஆளுக்குச் சில சதுரங்கள், பிறகு எல்லாவற்றையும் ஒட்டித் தைத்துவிடுவது. ஒவ்வொரு சதுரத்திலும் கயிற்றுப் பின்னல். பார்க்கத்தான் மலைப்பாக இருக்கும், விஷயம் ஒன்றுமே இல்லை. சில கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, ஒரு குட்டி ஊசியில் எடுத்து முன்னால் நிறுத்திக்கொண்டு, அடுத்த கண்ணிகளை முதலில் பின்னினால் கயிறு இடப்பக்கம் சாயும். பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம் சாயும். முன்னால், பின்னால், அவ்வளவுதான். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மாறிப்போனாலும் கயிறு அறுந்தாற்போலத் தெரியும். அதைக் கண்ணிலிருந்து மறைக்க முடியாது.

முதல் நாளே அக்கா கையைத் தூக்கினார்.

"டீச்சர், நீங்க குடுத்த பின்னல் படத்துல முன்னாலன்னு போட்டிருக்கீங்க. நீங்க காட்டுற மாதிரிச் சதுரத்துல அது பின்னால போயிருக்கே?"

பார்த்தேன். அவர் சொன்னது சரி. பஸ் டிரைவர், "டீச்சரே ரூட்டு மாறிப் போயிட்டாங்கப்பா" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் பொறாமைக்காரி இல்லை, என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு யாருக்காவது சந்தேகம் வந்தால் சதுரம் மேசையின் என் பக்கம் வரவில்லை. அக்கா பக்கம் போயிற்று. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டாக்டரின் கிறுக்கலைப் படிக்கிற அதே பழக்கத்தில் ஒரு பார்வை பார்ப்பார். "இங்க விட்டுட்டீங்க" என்று விரலை வைப்பார். அந்த இடம்தான் இருக்கும். எத்தனையோ வருடம் கடை நடத்தியவர், ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை என்று ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையும் கடைக்கு மேலே இருந்த வீடும்தான் அவருக்கு எல்லாம். கூடமாட ஒத்தாசைக்கு ஒரு தம்பி.

ஒருநாள் டீ குடிக்கும்போது எதற்காகப் பின்னல் கற்க வந்தார் என்று கேட்டேன்.

"எங்கம்மா கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க டீச்சர். ஆரம்பத்துல சின்னச் சின்ன விஷயம்தான். பட்டனை மாத்திப் போடுவாங்க, அடுப்பை அணைக்க மறப்பாங்க. எனக்கு அது மட்டும் வந்துடக் கூடாது. கையும் மூளையும் சேர்ந்து ஓடுற வேலை நல்லதுன்னு சொன்னாங்க. வந்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்குப் பயம் என்று ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது.

முதல் தடவை நடந்தது வெறும் விபத்து. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவருடைய சதுரத்தைக் காயவைத்து எடுக்கும்போது அலமாரிக் கொண்டியில் மாட்டி நூல் அறுந்துவிட்டது. பாதி வரை பிரித்துத் திரும்பப் பின்னினேன். பிரித்த கம்பளி நூல் சுருள்சுருளாக நிற்கும். நனைத்து நுனியில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டால் புது நூல் மாதிரி ஆகிவிடும். கையெழுத்துப் போலவே ஒவ்வொருவருக்கும் பின்னலில் ஒரு கை உண்டு. அக்காவின் கை கொஞ்சம் இறுக்கம், ஒரே சீர். அதைப் பிடிப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அவசரத்தில் ஓரிடத்தில் முன்னால் நிறுத்த வேண்டியதைப் பின்னால் நிறுத்திவிட்டேன். கவனிக்கவில்லை.

சனிக்கிழமை அக்கா அதைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர், இது நான் போட்டதா?"

"உங்களுதுதான் அக்கா. ஏன்?"

"நான் ரெண்டு தடவை சரிபார்த்தேனே. சரிபார்த்துட்டுத்தானே குடுத்தேன்?"

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அறையில் வேறு யாருமே இல்லாததுபோல, தண்ணீரில் விழுந்தவர் கரையைப் பார்ப்பதுபோல. அப்படி என்னை யாரும் பார்த்ததே இல்லை. "எல்லாருக்கும் நடக்கிறதுதான் அக்கா, குடுங்க" என்று வாங்கிச் சரிசெய்து கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

அடுத்த வாரமே அவர் பழையபடி ஆகிவிட்டார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது, பஸ் டிரைவரின் சதுரம் அவர் பக்கம் போனது. இரண்டாவது தடவை விபத்து இல்லை. ஆனால் கெட்ட எண்ணமும் இல்லை. அவருக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று பட்டது. எல்லாவற்றையும் தானே சரிபார்த்துக்கொண்டிருந்தால் மனுஷிக்கு உடம்பு என்னத்துக்கு ஆகும்.

எனவே வாரத்துக்கு ஒரு சதுரம். சில வாரம் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுவேன். தொடர்ந்து தப்பு வந்தால் மனம் பழகிவிடும். நடுநடுவே சரியாக வந்தால்தான் நெஞ்சு படபடக்கும். அக்கா சுதாரித்துக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். வரிசைக்கு வரிசை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னினார். "முன்னால. இது முன்னால." வகுப்பை விட்டுக் கிளம்பும் முன் என்னிடமே நீட்டி, "நீங்களும் பாருங்க டீச்சர், சரியா இருக்கா?" என்பார். "கச்சிதம் அக்கா" என்பேன். கச்சிதமாகத்தான் இருக்கும். அந்த வாரம் அதைத்தான் பிரிப்பேன்.

"நீங்க அன்னைக்கு சரின்னு சொன்னீங்களே?"

"அக்கா, அன்னைக்கு நீங்க எங்கிட்ட காட்டவே இல்லையே."

இது ஒரே ஒரு தடவைதான். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். தையல்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒருநாள் தம்பி என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு விரலைப் பிசைந்தார்.

"டீச்சர், அக்கா கடையில ஒரு மாத்திரையைப் பத்துத் தடவை பாக்குறாங்க. ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. எங்களுக்கு எந்தத் தப்பும் தெரியல. ஆனா அவங்க, நான் தப்பு பண்றேன், டீச்சருக்குத் தெரியும்னு சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

உட்காரவைத்து டீ கொடுத்தேன். பொய் சொல்லவில்லை. "சில விஷயம் நான் பார்த்தேன் தம்பி. டாக்டரைப் பாக்குறது நல்லது" என்றேன். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை, மூளை கல்லுமாதிரி நன்றாக இருக்கிறது என்றாராம். அக்கா நம்பவில்லை. "மெஷினுக்கு என்ன தெரியும். என் கை போட்டதை என் கண்ணாலயே பார்க்கிறேன்" என்று தம்பியிடம் சொன்னாராம். அந்த மாதமே கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒரு குழந்தைக்குப் பெரியவர்களின் மருந்தைக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் தூக்கமே இல்லையாம். தம்பிக்கு மருந்தாளுநர் படிப்புக் கிடையாது, கடையை வேறு ஒருவருக்குக் கைமாற்றிவிட்டார்கள். இப்போது அங்கே செல்ஃபோன் விற்கிறார்கள். மாடி வீட்டையும் விட்டுவிட்டுத் தம்பி வீட்டுப் பின்னறைக்கு அக்கா வந்துவிட்டார். அடுப்படிப் பக்கம் போவதில்லை, தனியாக வெளியே போவதில்லை. பின்னல் மட்டும் விடவில்லை. "இதுல தப்பு வராம ஒரு சதுரம் போட்டுட்டா, நான் திரும்பிடுவேன்" என்பார். வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவருகிறேன். என்னைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை.

போர்வையை ஒட்டும் வேலை தையல்காரரிடம் போனது. அங்கேதான் எனக்குக் கொஞ்சம் சறுக்கியது. அக்கா ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் அப்படியே ஊசி மாற்றிவிடுவார். அதனால் அவருடைய சதுரத்தின் ஓரம் சங்கிலி போட்டாற்போல இருக்கும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஓரம் தையலுக்குள் போய் மறையும் இடம், அதைப் பார்க்க மெனக்கெடாதீர்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அவருடைய கையின் இறுக்கத்தை அச்சாகப் பிடித்தேன், ஓரத்தைக் கோட்டை விட்டேன். அக்கா கண்ணில் அது படவில்லை, அவர் கண் அந்தத் தவறான கயிற்றைத் தாண்டிப் போனதே இல்லை. ஓரத்தைப் பார்க்கிறவர் ஒட்டித் தைக்கிறவர் மட்டும்தான்.

"டீச்சர், அக்காவோட சதுரம் சிலதுல ஓரம் ரெண்டு விதமா இருக்கு" என்றார் தையல்காரர். "பாதி வரைக்கும் சங்கிலி. அதுக்கு மேல வேற மாதிரி. தப்பு விழுந்ததெல்லாம் அந்த மேல் பாதியிலதான் விழுந்திருக்கு. நீங்க திருத்தினது ஒரு கயிறுதானே, முழு வரிசையும் இல்லையே. எனக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு பேர் போட்ட மாதிரில்ல இருக்கு?"

வாய் தன்னால் பேசியது. "பாவம், பாதியிலயே பழக்கம் மறந்திருக்கும். இந்த வியாதி அப்படித்தான்."

தையல்காரர் சதுரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அவ்வளவு தூரத்துக்கா ஆயிடுச்சு" என்றார். அதற்குமேல் அவரால் தைக்க முடியவில்லை. அவர் அழுவதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அங்கேயே தீர்மானித்தேன். அந்தச் சதுரங்களைத் தையல்காரரிடமிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேராக அக்காவிடம் போனேன். ஓரத்தைக் காட்டினால் போதும், நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம், அவரே புரிந்துகொள்வார். மறுநாளே வெளியே வந்துவிடுவார். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க டீச்சர். உங்களுக்காகத்தான் காத்துட்டிருந்தேன். இதை முடிச்சுட்டேன். ராப்பகலா இதுதான். இந்தத் தடவை தப்பு இல்லைன்னு நினைக்கிறேன். ஆனா நான் நினைக்கிறதை வச்சு என்ன பண்றது. நீங்க பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். அடியிலிருந்து நுனிவரை ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை. நான் வாழ்நாளில் பார்த்த சதுரங்களில் அதுதான் மிக அழகானது, என்னாலும் அப்படிப் போட முடியாது. சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து நிற்பார், தம்பியைக் கூப்பிடுவார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார். அடுத்த சனிக்கிழமை எல்லோரும் அவரைச் சுற்றி நிற்பார்கள். என் முழங்காலைத் தொட்டபடி அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல ஒரு இடம் மாறிப் போயிருக்கு அக்கா" என்றேன். "பரவாயில்லை. குடுங்க, நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணிட்டு வரேன்."

எங்கே என்றுகூட அவர் கேட்கவில்லை. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டார். அழட்டும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். நான் மட்டும் இல்லாவிட்டால் இவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது.