பதிமூணாவது பின்

– அதான் சொல்றேன் மெக்கானிக் அண்ணே, இந்தக் காலத்துல யார்ணே விஜிஏ ஒயர் வச்சிருக்கா? நீல மூஞ்சி, ரெண்டு பக்கமும் திருகாணி. தூக்கிப் போட்டுட்டு இந்தப் புது மானிட்டரை மாட்டுங்க, சிம்பிள். வாங்கியே வந்துட்டேன்.

– கேளுங்க சார். நீங்க வாங்கிட்டு வந்ததுல எச்டிஎம்ஐ ஒயர் சொருகுற இடம் மட்டும்தான் இருக்கு. உங்க அண்ணன் கம்ப்யூட்டர்ல விஜிஏ மட்டும்தான் இருக்கு. ரெண்டும் மூஞ்சி குடுத்துப் பேசாது.

– அதுக்குத்தான் இந்தக் கன்வர்ட்டரும் வாங்கினேன்.

– இது எச்டிஎம்ஐயை விஜிஏவா மாத்துறது. நமக்கு வேண்டியது நேர் எதிர். இது ஒருவழிப் பாதை சார், திருப்பி மாட்டினாலும் வேலை செய்யாது. கடைக்காரன் பேரு ஒண்ணுதானேன்னு தலையில கட்டிட்டான்.

– சரி அண்ணி, அப்ப கம்ப்யூட்டரையே மாத்திடுவோம். சிம்பிள்.

– மாத்த முடியாது தம்பி. அது வந்து… உங்க அண்ணன் கண்ணு அசையறதைப் படிக்குதே ஒரு கேமரா, அது இதுல மட்டும்தான் ஓடும். அதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. போன வருஷம் புதுசுல போட்டுப் பாத்தோமே, மறந்துட்டீங்களா? ஒரு எழுத்துகூட விழல.

– அம்மா, சார் எழுதுறது முழுக்கக் கண்ணாலதானா?

– ஆமாண்ணே. ஸ்கிரீன்ல எழுத்துப் பலகை வரும். எந்த எழுத்தைப் பாக்குறாரோ அது விழும். கை, கால், வாய் எதுவும் அசையாது. காது நல்லா கேக்கும். நாம பேசுறது எல்லாம் கேட்டுட்டுதான் படுத்திருக்கார்.

– வணக்கம் சார். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற ஆளு. தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. எத்தனை நாளாம்மா படம் வரல?

– மூணு நாளா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் டப்புன்னு இருட்டாயிடுச்சு.

– எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல அண்ணி? இன்னைக்குக் காலையில தற்செயலா எட்டிப் பாத்ததாலதான் எனக்கே தெரியும். மூணு நாளா எப்படிச் சமாளிச்சீங்க?

– நானே குத்துமதிப்பா பாத்துக்கிட்டேன் தம்பி. தண்ணி வேணுமா, திருப்பிப் படுக்க வைக்கணுமான்னு… ஆமான்னா ரெண்டு தடவை, இல்லேன்னா ஒரு தடவை கண்ணு சிமிட்டுவாரே, அதுவும் இப்ப இல்ல. என்ன கேட்டாலும் கண்ணை மூடிக்கிறார்.

– அண்ணா, நான் வந்திருக்கேன். கழுத்து வலிக்குதா? ம்… பாருங்க, ஒரு சிமிட்டு. வலிக்கலையாம். எனக்குச் சிமிட்டுறாரே அண்ணி!

– உங்களுக்குச் சிமிட்டுவார் தம்பி.

– அண்ணே, சரியான கன்வர்ட்டர் கிடைக்காதா?

– ஆர்டர் போட்டா நாலு நாள்ல வரும். ஆனா கேளுங்க, அது நடுவுல உக்காந்துக்கிட்டுப் படத்தை இழுக்கும், மங்கலாக்கும். சார் 'க'வைப் பாத்தா பக்கத்துல இருக்கிற எழுத்து விழும். மத்தவங்களுக்குப் பரவால்ல, இவருக்குப் பேச்சே அதுதானே? பழசு பழசுன்னு நாம சொல்றோம், இவர் விஷயத்துல இந்தப் பழசுதான் சரி. முதல்ல என்ன போச்சுன்னு பாப்போம். மானிட்டர்ல விளக்கு எரியுது, கம்ப்யூட்டரும் ஓடுது. டார்ச் அடிங்க சார். ஒயர் முனையில… ஆங்.

– என்னண்ணே?

– பின்னு ஒண்ணு இல்ல.

– ஒண்ணு இல்லண்ணே, ரெண்டு இல்ல. நடு வரிசையிலயும் ஒண்ணு காணோமே.

– அது ஒன்பதாவது. நிறைய ஒயர்ல அது பிறக்கும்போதே இருக்காது, அதனால ஒண்ணும் கெடாது. கீழ் வரிசையில பாருங்க, பதிமூணாவது. அது போச்சுன்னா படம் எங்க ஆரம்பிக்கணும்னே மானிட்டருக்குத் தெரியாது. இருட்டுதான்.

– எப்படிப் போச்சு?

– இது… பழைய ஒயர் சார். கழட்டி மாட்டும்போது போயிருக்கும். இதே மாதிரி ஒரு ஒயர் கிடைச்சா அஞ்சு நிமிஷ வேலை. எங்கிட்ட இருந்ததையெல்லாம் போன மாசம்தான் எடைக்குப் போட்டேன்.

– எங்க ஆபீஸ் மீட்டிங் ரூம்ல புரொஜெக்டருக்கு இருக்கு! கழட்டிட்டு வந்துடறேன். இருபது நிமிஷம். அண்ணா, இதோ வந்துட்டேன்.

– பாத்து ஓட்டுங்க தம்பி.

…

– அம்மா, கொஞ்சம் இப்படி சமையல்கட்டுப் பக்கம் வாங்க. சார் காதுல விழ வேண்டாம்.

– டீ போடட்டுமாண்ணே?

– டீ வேண்டாம்மா. கேளுங்க, இருபத்தஞ்சு வருஷமா இந்தப் பின்னைப் பாக்குறேன். தானா போனா வளைஞ்சிருக்கும், இல்ல பிஞ்சு வந்திருக்கும். இது நறுக்குன வெட்டு. வேலைக்காரங்க யாராவது வருவாங்களா?

– யாரும் இல்லண்ணே. நான் மட்டும்தான்.

– அப்ப?

– நகவெட்டி.

– என்னம்மா?

– அவருக்கு நகம் வெட்டிக்கிட்டிருந்தேன். அவர் எழுதிக்கிட்டிருந்தார். 'தம்பி வந்ததும் காட்டு'ன்னு முதல் வரி. அதுக்குக் கீழ 'என்னைப் பராமரிப்பு இல்லத்துல சேத்துடு'ன்னு விழுந்துச்சு. எங்கிட்ட ஆறு மாசமா அதையேதான் எழுதுறார். 'நீ வேலைக்குப் போ, உன் உடம்பைப் பாரு, என்னை அங்க விட்டுடு'. நான் படிக்காத மாதிரியே எழுந்து போயிடுவேன். இப்ப தம்பிகிட்டயே கேக்கப் போறார்னதும்… மானிட்டருக்குப் பின்னாடி தூசி தட்டுற மாதிரி போய் ஒயரைக் கழட்டினேன். சும்மா கழட்டினா யாராச்சும் திரும்ப மாட்டிடுவாங்களேன்னு ஒரு பின்னை மட்டும்…

– அய்யய்யோ, என்னம்மா இது?

– பன்னெண்டு வருஷம்ணே. இந்தக் கையாலதான் குளிப்பாட்டுறேன், ஊட்டுறேன். அங்க யாரோ நாலு பேர் மாத்தி மாத்திப் பாத்துப்பாங்களாம். அவர் இல்லாத இந்த வீட்டுல நான் எந்தச் சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பேன்? அவர் எனக்காகத்தான் போறேங்கிறார். எனக்காகன்னா நான்தானே வேண்டாங்கிறேன்?

– அதைச் சொல்லியே புரிய வச்சிருக்கலாமேம்மா.

– சொன்னேன். திரும்ப அதையே எழுதுவார். அவர்கிட்ட வாய்ச்சண்டை போட முடியாதுண்ணே. ஒரு வரி எழுத அவருக்குப் பத்து நிமிஷம். நான் அழுது முடிக்கறதுக்குள்ள ஒரு வார்த்தைதான் வந்திருக்கும்.

– மூணு நாள் விட்டுட்டீங்களே. வலிச்சா யார்கிட்டம்மா சொல்லுவாரு?

– அன்னைக்குச் சாயங்காலமே பதறிப் போச்சு. அந்தப் பின்னைத் தேடினேன், பெருக்கினதுல போயிருச்சு. அவர் கண்ணுல தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு. துடைச்சேன். இப்ப ஸ்கிரீன் எரிஞ்சாலும் எனக்குத் தாங்காது, எரியலேன்னாலும் தாங்காது. தம்பிகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.

– கையை இறக்குங்கம்மா. நான் ஒயர் மாட்ட வந்தவன். என்னை ஏன்மா இதுக்குள்ள இழுக்கறீங்க? பழசா போச்சு, உடைஞ்சு போச்சுன்னு ஏற்கனவே வாய் தவறிச் சொல்லிட்டேன். மாத்திப் பேசவும் எனக்குத் தைரியம் வரல.

– அவருக்குத் தெரியாதுண்ணே. நான் பின்னாடிதான் நின்னேன், 'டக்'குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

– வண்டிச் சத்தம் கேக்குது. மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க.

…

– இந்தாங்கண்ணே. ஆபீஸ்ல யாரும் பாக்கல. மாட்டுங்க.

– பிடிச்சுக்கோங்க சார். திருகாணியை முடுக்கிடறேன்… இப்ப பாருங்க.

– வந்துடுச்சு! அண்ணா, எழுத்துப் பலகை தெரியுதா? ரெண்டு சிமிட்டு! தெரியுதாம் அண்ணி!

– தம்பி, களைச்சிருப்பார். நாளைக்கு எழுதட்டுமே.

– மூணு நாள் வாயைக் கட்டிப் போட்ட மாதிரி கிடந்தவர் அண்ணி, எழுதட்டும். இதோ ஆரம்பிச்சுட்டார். 'தம்… பி'. இங்கதான் இருக்கேன் அண்ணா, சொல்லு. 'அவ… தான்… வெட்… டி… னா'. என்னது?

– சார், கேளுங்க, கேமரா இன்னும் கண்ணைச் சரியா பிடிச்சிருக்காது. எழுத்து மாறி விழும்.

– இல்லண்ணே, தெளிவா இருக்கு. அவதான் வெட்டினா. எதை? யாரு? அண்ணி, ஏன் தரையில உக்காந்துட்டீங்க?

– என்னங்க… போதுங்க. நான் உங்களுக்காகத்தாங்க…

– இருங்க அண்ணி, இன்னும் எழுதுறார். அண்ணா, அவசரப்படாத, நான் எங்கயும் போகல. நிதானமா…

– என்னன்னு விழுது சார்?

– 'பயமா… இருக்கு. என்னை… இவகூட… தனியா… விட்டுட்டு… போகாத.'