ஜெர்மன்காரருக்கு ஒரு பாட்டில்

— முழுங்க வேண்டாமுங்க மாமா. வாயில வெச்சுக் கொப்புளிச்சுத் துப்பிப் போடுங்க. தொண்டைக்குக் கீழ எறங்குனாத்தான் குத்தம்னு பூசாரி சொன்னாரல்லோ?

— சொன்னாரு. சொல்றப்ப நீயும் பக்கத்துலதான நின்ன மாப்ளே? இப்படி என்ற தோட்டத்து மோட்டார் ரூமுக்குள்ளயே வந்து, கதவச் சாத்திப்போட்டு, மூணு பாத்திரத்துல கள்ளக் கொண்டாந்து வெப்பீன்னு அன்னைக்கு அவருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

— வேற வழி தெரியலீங்க. அக்கா எங்கீங்க?

— அழகிரிசாமி ஊட்டுல காதுகுத்து. போயிருக்குறா. விருந்து உண்டுபோட்டுத்தான் வருவா. அதை விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான வந்திருக்கிற?

— அதெல்லாம் இல்லீங்க, இந்தப் பக்கம் ஒரு வேலையா...

— கிருபாசங்கரு, பொய் சொன்னா உனக்குக் காது செவந்துரும். கண்ணாலத்துல பொண்ணுக்குத் தம்பியா வந்து நின்னயே, அப்பருந்து பாக்கறேன்.

— சரிங்க. விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்.

— அப்படிச் சொல்லு. இப்ப மொதல்லிருந்து வா. அந்த ஜெர்மன்காரரு என்னதான் கேட்டாரு?

— பம்பு ஆர்டரு விசயமா முந்தாநேத்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாருங்க. கோயமுத்தூரு கணபதில எங்க சந்துக்குள்ள காரு நுழையல. எறங்கி நடந்தே வந்தாரு. பம்பு ஓடறதப் பாத்தாரு, தட்டிப் பாத்தாரு, காத வெச்சுக் கேட்டாரு. திருப்தியாத்தானுங்க தலையாட்டுனாரு. அப்பறம் பையிலிருந்து ஒரு பாட்டில எடுத்து என்ற டேபிள் மேல வெச்சாரு. பீரு. அவரு ஊருல மட்டும் காய்ச்சறதாமா. பக்கத்து ஊருக்குப் போனா வேற பீராமா. "இது என்னோட ஊரு. உன்னோட ஊரக் குடு"ன்னு கேட்டுப்போட்டாருங்க.

— நீ என்ன சொன்ன?

— சிறுவாணித் தண்ணின்னு சொன்னேனுங்க.

— அட, நல்ல பதில்தான?

— சிரிச்சாருங்க. "தண்ணி கடவுள் செஞ்சது. மனுசன் செஞ்சதக் காட்டு"ன்னாரு. கடைல விக்கற பீர வாங்கிக் குடுக்கலாம்னா, அது மெட்ராசுலயும் அதே ருசி, டெல்லிலயும் அதே ருசி. நாளைக்குப் பொறப்படறாருங்க. அதுக்குள்ள கொங்குநாட்டுச் சரக்கு இதுதான்னு ஒண்ணக் கையில குடுக்கோணும்.

— குடுக்கலீன்னா ஆர்டரு போயிருமா?

— போவாதுங்க. போயிரும்னு சொன்னா அது பொய்யி. எனக்குத்தான் ரோசமாப் போச்சு. ஊரு ஊருக்குப் பம்பு செஞ்சு தாட்டி உடறோம். எங்க மண்ணுதுன்னு ஒரு பாட்டில் எடுத்து வெக்க வக்கில்லையேன்னு இருந்துச்சு.

— தெளுவு குடுக்கறது? சுண்ணாம்பு தடவி எறக்குனா பனந்தண்ணி தேனாட்ட இருக்கும். போதையும் இல்ல, போலீசும் இல்ல.

— பீருக்குப் பதிலுக்குத் தெளுவ நீட்டுனா கொழந்தைக்குக் குடுக்கறாப்பல இருக்குமுங்க. புளிச்சதா இருக்கோணுமல்லோ.

— கள்ளுக்குத் தடை இருக்குது, தெரியுமில்ல? உன்னோட தொரையவும் சேத்து உள்ள வெச்சுருவான். அதும்போக, கள்ளப் பாட்டில்ல போட்டு இறுக்கி மூடுனா ஏரோப்ளேன்லயே வெடிக்கும்.

— மூடில சின்னதா ஓட்டை போட்டுக்கறேனுங்க. அதெல்லாம் நான் பாத்துக்கறேன். எந்தக் கள்ளுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க. எனக்கு மூணும் புளிச்ச தண்ணியாட்டத்தான் இருக்குது. நம்ம சொந்தபந்தம் ஒறம்பரைலயே ருசி தெரிஞ்ச நாக்கு உங்களுதுதானுங்க. ஒரு வாய் வெச்சா எந்த மரம், எந்தப் பக்கத்து மண்ணுன்னு சொல்லுவீங்களாமா.

— அந்த நாக்குனாலதான மாப்ளே உன்ற அக்கா அக்ஷயாவத் தூக்கிட்டு உன்ற ஊட்டுல வந்து கெடந்தா?

— தெரியுமுங்க.

— நீதான என்னையக் கருப்பராயன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போன? இனிக் குடிக்கமாட்டேன்னு கயிறு கட்டறப்ப என்ற கை நிக்கலீன்னு நீதான புடிச்சுக்கிட்ட? அப்பறந்தான் கோமளா இந்த ஊட்டுப்படி ஏறுனா. "வாயில வாசம் வந்துச்சுன்னா அன்னைக்கே புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன், மறுக்கா யாரு வந்து கூப்புட்டாலும் வரமாட்டேன்"னு சொல்லிப்போட்டுத்தான் ஏறுனா. அதையும் நீ கேட்டுட்டுத்தான் நின்ன.

— அதுக்குத்தானுங்க துப்பச் சொல்றேன். ஒரு சொட்டு எறங்காது. நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன்.

— அப்ப இந்தக் கயித்தக் கழட்டு.

— கயித்தையா? எதுக்குங்க?

— கையில கட்டிக்கிட்டு வாயில வெச்சா கருப்பராயனுக்கு ஆகாது. கழட்டி வெச்சுப்போட்டுத் தொட்டா கயித்து மேல குத்தம் வராது. எத்தன பேரு ஆணில மாட்டிப்போட்டுப் போயிட்டு, திரும்பி வந்து கட்டிக்கறாங்க.

— மாமா, அது குடிக்கப் போறவங்க செய்யற வேலைங்க.

— அப்ப நீ கொண்டாந்து வெச்சிருக்கறது என்ன, தீர்த்தமா? கழட்டு. நானாக் கழட்டமாட்டேன். கட்டறப்ப கையப் புடிச்சவன் நீ. கழட்டறதும் நீயே கழட்டு.

— ...முடிச்சு இறுகிக் கெடக்குதுங்க.

— வேர்வை பட்டு இறுகுனது. தண்ணியத் தொட்டு நனைச்சுப் பாரு. பல்லுல கடிக்காத, எச்சில் படக்கூடாது.

— அவுந்துருச்சுங்க.

— அந்த ஸ்டார்ட்டர் பொட்டி மேல வெய்யி. சாமி படம் இருக்குது பாரு, அதைச் செவுத்துப் பக்கமாத் திருப்பி உடு.

— திருப்பிட்டேனுங்க. மாமா, வேண்டாமுங்க, உட்டுருவோம். எதையோ ஒண்ணக் குடுத்துக்கறேன்.

— கழட்டுனதுக்கப்பறம் சொல்றயா? குடு இங்க.

— இது பிளாஸ்குல இருக்கறதுங்க.

— ம்ம்... த்தூ. என்ன மாப்ளே, கேரளாவுக்குப் போயிட்டு வந்தயா?

— எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?

— பாலக்காட்டுப் பக்கத்துக் கடைக்கள்ளு. அங்க தடையில்ல, பொழுதுக்கும் வெச்சு விக்கறாங்க. நல்லதோ கெட்டதோ, அது அவுங்களுது. அதைக் கொண்டுபோயி நம்மூருதுன்னு எப்படிச் சொல்லுவ?

— முழுங்கலீங்களே?

— பாரு. ஆ. நாக்கையும் பாத்துக்க.

— சரிங்க, சரிங்க. இது தூக்குப்போசில இருக்கறது.

— ம்... த்தூ. இது நம்ம உடுமலைத் தென்னை. வாய்க்காத் தண்ணி குடிச்ச மரம். இனிப்பு முன்னால வருது, புளிப்பு பொறகால வருது, ரண்டுக்கும் சண்டையில்ல.

— அப்ப இதையே குடுத்துருலாங்களா?

— பொறு. என்னத்துக்கு அவசரம்? டேம் கட்டி வாய்க்கா வந்தப்பறந்தான் இங்க தென்னந்தோப்பெல்லாம். எங்கப்பன் காலத்துல இது பூராவும் சோளக்காடு. நல்ல கள்ளுதான், ஆனா நேத்து வந்து குடியேறுனவனக் காட்டி இவந்தான் ஊருக்குப் பெரியவன்னு சொன்ன மாதிரி ஆயிரும். மூணாவது என்ன?

— சென்னிமலைப் பக்கமுங்க. தறிக்காரங்க ஊரத் தாண்டி ஒரு பனங்காடு. விடியக்கால எறக்குனதச் சோடா பாட்டில்ல புடிச்சாந்தேன்.

— பனையா?

— ஆமாங்க. இந்தாங்க, புடிங்க.

— நான் புடிக்கல. நீயே வாயில ஊத்து. கொஞ்சமா.

— போதுங்களா? கொப்புளிங்க. ...மாமா. என்னங்க, கண்ண மூடிட்டீங்க? துப்புங்க. இந்தப் பக்கம், இந்த வாய்க்கால்ல துப்புங்க. மாமா, துப்புங்க!

— துப்பறதுக்கு வாயில ஒண்ணும் இல்ல மாப்ளே.

— ஐயோ.

— வேணும்னு செய்யல. நாக்குல பட்டுச்சு. மிச்சத்தத் தொண்டை பாத்துக்குச்சு.

— நாந்தானுங்க கெடுத்தேன். நானே வந்து, நானே கழட்டி, நானே ஊத்தி... என்ற புத்தியச் செருப்புலதான் அடிக்கோணும்.

— இதுதான். இதையே குடு அவருக்கு. மேல புளிப்பு, அடியில ஒரு கசப்பு. முழுங்குன பொறகு வருது பாரு ஒரு வாசம், காட்டுக்கு நடுவுல காஞ்சு கெடந்த இட்டேறித் தடத்துல மொத மழை உழுந்தாப்பல. இதுதான் நம்ம சீமை. முழுங்காம அது தெரியாது. அதைக் கண்டுபுடிக்கத்தான் முழுங்குனேன்னு வெச்சுக்க.

— அப்படி வெச்சுக்க முடியலீங்க மாமா.

— எனக்குந்தான் முடியல. இன்னொரு வாய் குடு.

— மாமா!

— உறுதி பண்ணிக்கறதுக்கு.

— மாட்டேனுங்க. உங்க கால்ல வேணாலும் உழுகறேன்.

— நீயா வந்து வாயில ஊத்துன. இப்ப நீயே புடுங்கிக்கிட்டா அது என்ன நாயம்? ஒரே வாய். சின்ன வாய். கண்ணு, சாமி, குடுத்துரு. ...கேட்டயா மாப்ளே, எப்படிக் கெஞ்சறேன்னு? உன்ற அக்காகிட்ட இப்படித்தான் கெஞ்சுவேன். இந்தக் கொரல் என்னைய உட்டுப் போயிருச்சுன்னு நெனச்சிருந்தேன். உள்ளயேதான் படுத்திருக்குது.

— இதா, ஊத்திப்போட்டேனுங்க. மூணையும் மண்ணுல ஊத்திப்போட்டேன்.

— பனையவும் ஊத்திட்டயா?

— ஊத்திட்டேனுங்க. அவருக்கு ஒண்ணும் வேண்டாம். எளநி வெட்டிக் குடுத்துக்கறேன்.

— அந்த ஈரத்து மேல மண்ண அள்ளிப் போட்டு மிதி. நான் அதையே பாத்துட்டு இருக்கறேன், பாக்கக்கூடாது. நல்லா மிதி.

— மிதிச்சுட்டேனுங்க. மாமா, ஒரு வாய்தானுங்க. அக்காளுக்குத் தெரிய வேண்டாம். கைய நீட்டுங்க, கயித்தக் கட்டிப்போடறேன்.

— அவுத்தத நாமளே கட்டலாமா? பூசாரியத்தான கேக்கோணும்?

— கேட்டா, எதுக்கு அவுத்தீங்கன்னு அவரு கேப்பாரல்லோ.

— அதுவுஞ் சரி. கட்டு. அழுத்திக் கட்டு, பழைய தடத்து மேலயே வரட்டும். அப்பறம் வெளிய கொய்யாமரம் இருக்குது, கொழுந்தா நாலு தழை பறிச்சுட்டு வா. மென்னா வாசம் தெரியாது. பழைய வித்தை ஒண்ணுகூட மறக்கல பாரு.

— இதாங்க தழை. மெல்லுங்க.

— ஏனுங்! ஏனுங், எங்க இருக்கறீங்? கிருபா, உன்ற காரு நிக்குதே, எங்க கண்ணு இருக்கற?

— அக்கா! காதுகுத்துக்குப் போகலீங்களா?

— போயிட்டுத்தான் ஓடியாரேன். பந்தியில கூட உக்காரல. இதென்ன, ரூம் பூராவும் கள்ளு நாத்தம்?

— நாந்தானுங்க்கா. நாந்தான் குடிச்சேன். ஜெர்மன்காரருக்குக் குடுக்கலாம்னு வாங்கியாந்தேன். ருசி பாத்தேன். மாமா சும்மா உக்காந்துட்டு இருந்தாரு.

— நீ என்ன சோறுதான் திங்கறயா? இந்த மனுசன் முன்னால கொண்டாந்து வெக்கறதா? ஒரு வாய்க்கே காது எப்படிச் செவந்து கெடக்குது பாரு. உன்னைய எங்கம்மா பாத்தா தொடப்பத்தத் தூக்குவா.

— உடு கோமளா. மாப்ளைய வையாத.

— நீங்க பேசாம இருங். பாத்தயா கண்ணு, வையக்கூட உடமாட்டீங்கறாரு. கண்ணு முன்னால ஊத்திக் குடிச்சிருக்கற, தழைய மென்னுக்கிட்டு உக்காந்திருக்காரு. கயிறு மட்டும் இருந்தாப் போதுமா? மனசு இருக்கோணும். சாமி எங்கூட்டுக்காரருக்கு அதைக் குடுத்தானே, அது போதும்.

— கோமளா, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.

— அப்பறமாச் சொல்லுங். நான் எதுக்கு ஓடியாந்தேன்னா, அழகிரிசாமி ஊட்டு போனுக்கு உன்ற பொண்டாட்டி பிரவீனா கூப்புட்டா. உன்னைய எங்கெங்கயோ தேடிப்போட்டுக் கடைசில அங்க போட்டிருக்குறா கண்ணு. அந்த ஜெர்மன்காரரு உங்கூட்டுக்கு வந்துட்டாராமா.

— கள்ளு கேட்டாருங்களா?

— அட நீ ஒண்ணு! அவரு குடிக்கறதே இல்லையாமா.

— என்னங்க்கா சொல்றீங்க? அவருதானுங்க பாட்டில் குடுத்துக் கேட்டது.

— அது அவுங்க கம்பெனி வழக்கமாமா. போற ஊருலயெல்லாம் ஒரு பாட்டில் குடுத்து ஒரு பாட்டில் வாங்கியாந்து, ஆபீசு அலமாரில வரிசையா அடுக்கி வெப்பாங்களாமா. யாரும் தொறக்கறதே இல்லையாமா. பிரவீனா வெவரம் தெரியாம, அந்தப் பீரையே தொறந்து ஊத்தட்டுமான்னு கேட்டுப்போட்டா. "என் கண்ணு முன்னால மட்டும் தொறக்காதீங்க"ன்னு கையெடுத்துக் கும்புட்டாராமா.

— யாருமே... தொறக்கமாட்டாங்களா.

— முன்னால அவரு பெரிய குடியாமா கண்ணு. பொண்டாட்டி புள்ளையெல்லாம் உட்டுட்டுப் போயி, போன வருசந்தான் உட்டிருக்காரு. வெளியூரு வந்தா நாக்கு இழுக்குது, ஒவ்வொரு நாளும் தப்பிச்சுத்தான் படுக்கறேன்னு சொல்லிக் கண்ணுல தண்ணி உட்டாராமா, அம்மாம் பெரிய மனுசன். பிரவீனாவுக்கு மனசு கேக்கல. உங்களப் பத்தி எல்லாத்தையும் சொல்லிப்போட்டா.

— என்னையப் பத்தியா? என்ற பேச்சு எதுக்கு அங்க?

— ஏன், சொன்னா என்ன? நான் எங்க போனாலும் தல நிமுந்து சொல்றதே அது ஒண்ணுதான். எந்திரிங், மொகத்தக் கழுவிட்டுச் சலவை வேட்டியக் கட்டுங். பிரவீனாவே அவரு காருல கூட்டிட்டுப் பொறப்பட்டுட்டா. உங்க பக்கத்துல சித்தே உக்காந்து, எப்படிங்க உட முடிஞ்சுதுன்னு உங்க வாயாலயே சொல்லக் கேக்கோணுமாமா.